நான்காவது பாடல் யாருடையது?

(ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இசை விமர்சனம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் எனக்கே கொட்டாவி வரும். அதனால் ஒரே ஒரு இசைத்தட்டை எடுத்துக்கொள்கிறேன். 1978 நவம்பரில் வெளிவந்த 'நோ நியூயார்க்'. நான்கு இசைக்குழுக்கள், குழுவுக்கு நான்கு பாடல்கள், மொத்தம் பதினாறு. தயாரித்தவர் பிரையன் ஈனோ. வெளியிட்டது ஐலண்ட் நிறுவனத்தின் கிளையான ஆன்டிலிஸ். விற்பனையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் இரைச்சல் ராக் என்று இன்று நாம் சொல்லும் இசையின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தத் தட்டைத் தாண்டிப் போக முடியாது.

இதை முதன்முதலில் விடுதி அறையில், கடன் வாங்கிய சின்ன ஸ்பீக்கரில் கேட்டேன். மார்ஸ் குழுவின் பாடல் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறைத் தோழி கதவைத் தட்டி, "மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டார். இந்தத் தட்டுக்கு வந்த விமர்சனங்களிலேயே நேர்மையான ஒன்று அது என்று இன்றும் நினைக்கிறேன்.

எட்டு வருடம் முன்பு ஒரு சிற்றிதழில் இந்தத் தட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். உச்சிமுகர்ந்து எழுதியது. அந்தக் கட்டுரையில் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு எனக்கு மட்டும் உரியது அல்ல, நாற்பது வருட விமர்சன மரபிலிருந்து நான் அப்படியே வாங்கிக்கொண்டது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் தட்டு எப்படி உருவானது என்று சொல்லிவிடுகிறேன்.

1975இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்தது. மன்ஹாட்டன் தீவின் கீழ்ப்பகுதியில் வாடகை மலிந்து கிடந்தது. ஓவியம், நாடகம், சினிமா என்று வந்த இளைஞர்கள் அங்கே குடியேறினார்கள். பவரி தெருவில் இருந்த சிபிஜிபி என்ற மதுக்கூடத்தில் பங்க் இசை வளர்ந்து, இரண்டே வருடத்தில் பெரிய நிறுவனங்கள் அதை வாங்கிவிட்டன. பங்க்கும் வியாபாரமாகிவிட்டது என்று சலித்த ஒரு சிறு கூட்டம் அதையும் மறுத்தது. 'நியூ வேவ்' என்று சந்தை கூவியபோது இவர்கள் 'நோ வேவ்' ஆனார்கள்.

1978 மே மாதத்தில் ஹட்சன் தெருவில் இருந்த ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ் என்ற கலைக்கூடத்தில் ஐந்து இரவுகள் இந்தக் குழுக்கள் வாசித்தன. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் இரண்டாவது தட்டு வேலையாக நியூயார்க்கில் இருந்த ஈனோ வந்து கேட்டார். இதைப் பதிவு செய்யாமல் விட்டால் காணாமல் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கணிப்பு சரிதான். மார்ஸ் அந்த வருடம் முடிவதற்குள் கலைந்தது. டீனேஜ் ஜீசஸ் அண்ட் த ஜெர்க்ஸ் அடுத்த வருடம் கலைந்தது. வாசித்த பல குழுக்களிலிருந்து ஈனோ தேர்ந்தெடுத்தது நான்கை மட்டும்: ஜேம்ஸ் சான்ஸின் காண்டார்ஷன்ஸ், லிடியா லஞ்சின் டீனேஜ் ஜீசஸ், மார்ஸ், டிஎன்ஏ. கிளென் பிராங்காவும் ரீஸ் சாத்தமும் இருந்த குழுக்கள் விடுபட்டன. அந்த வருத்தத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போடலாம், இன்று வேண்டாம்.

தட்டு எப்படி ஒலிக்கிறது? டீனேஜ் ஜீசஸ் பாடல்களில் ஒன்று அரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டி முடிந்துவிடும். லிடியா லஞ்சுக்கு அப்போது பத்தொன்பது வயது. ட்ரம்மர் முன்னால் இருப்பது ஒரே ஒரு ட்ரம்மும் சிம்பலும். டிஎன்ஏ குழுவின் ஆர்ட்டோ லிண்ட்சே கிட்டாரில் ஒரு கார்டுகூட வாசிக்கமாட்டார். பன்னிரண்டு தந்திக் கிட்டாரைச் சுருதி சேர்க்காமலே வைத்துக்கொண்டு அதை அறைவார், சுரண்டுவார். ட்ரம்ஸ் வாசித்த இக்குவே மோரி டோக்கியோவிலிருந்து 1977இல் நியூயார்க்குக்குச் சுற்றிப்பார்க்க வந்தவர். அதற்கு முன் ட்ரம்ஸ் தொட்டதில்லை. காண்டார்ஷன்ஸில் ஸ்லைடு கிட்டார் வாசித்த பேட் பிளேஸ் ஓவியம் படித்தவர். தெரியாததைக் கையில் எடுத்து, அந்தத் தெரியாமையிலிருந்தே ஒரு மொழியை உண்டாக்கினார்கள். பாட்டு வரிகளை உறையின் உட்புறத்தில் அச்சடித்திருந்தார்கள். வாசிக்க வேண்டுமென்றால் உறையைக் கிழிக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பிடித்தது, இன்றும் பிடிக்கும். "உனக்கு இதெல்லாம் வராது" என்று ஒவ்வொரு வாசலிலும் யாராவது நின்று சொல்லும் சமூகத்தில் வளர்ந்த பெண்ணுக்கு, வராத ஒன்றை எடுத்து இவர்கள் மேடையேறினார்கள் என்று கேள்விப்படும்போது உடம்பு சிலிர்க்கத்தானே செய்யும்?

சரி, என் கட்டுரைக்கு வருகிறேன்.

நோ வேவ் பற்றிய எழுத்துகளில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வரும். பங்க் புரட்சி என்று சொல்லிக்கொண்டாலும் அதன் கீழே ஓடியது பழைய ராக் அண்ட் ரோல்தான், சக் பெர்ரியின் கிட்டார்தான். நோ வேவ் மட்டுமே அந்த வேரை வெட்டியது. புளூஸ் இல்லை, ராக் இல்லை, முன்னோர் இல்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' சொன்ன இசை. நானும் இதையே எழுதினேன். "வேரற்ற இசை" என்று துணைத்தலைப்புகூட வைத்தேன். அப்போது அந்தச் சொல் எனக்கு மிக அழகாகத் தெரிந்தது.

கட்டுரை வந்த வாரத்தில் இளநிலை மாணவி ஒருத்தி, விடுதியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள், உணவறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நல்லாருந்துச்சு. ஆனா நாலாவது பாட்டு ஜேம்ஸ் பிரவுனோடதுதானே?" என்றாள்.

அவள் சொன்னது சரி. தட்டின் முதல் பக்கத்தில் காண்டார்ஷன்ஸ் வாசிக்கும் நான்காவது பாடல் 'ஐ கான்ட் ஸ்டாண்ட் மைசெல்ஃப்'. ஜேம்ஸ் பிரவுன் எழுதி 1967இல் வெளியிட்ட பாடல். வேரற்ற இசை என்று நான் கொண்டாடிய தட்டில், கால் மணி நேரத்துக்குள் கறுப்பின ஃபங்க் இசையின் நடுமரமே நிற்கிறது. எனக்கு அது தெரியாமல் இல்லை. பாடல் பட்டியலை நானே தட்டச்சு செய்திருந்தேன். தெரிந்தும் என் வாக்கியத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. அதுதான் என்னை உறுத்தியது. தெரியாமல் எழுதியிருந்தால் திருத்திவிட்டு நகர்ந்திருப்பேன்.

அதன் பிறகு நோ வேவ் பற்றிய புத்தகங்களைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அவற்றின் மீது நியாயமில்லாமல் பழி போடக்கூடாது. ஜேம்ஸ் சான்ஸ் ஜேம்ஸ் பிரவுனையும் ஆல்பர்ட் ஐலரையும் கேட்டு வளர்ந்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் மறைக்கவில்லை. ஆனால் அது ஒருவருடைய தனிப்பட்ட ருசி போல, 'செல்வாக்கு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்த பத்தியில் மறுபடியும் 'முன்னோர் இல்லாத இசை' ஆரம்பித்துவிடும். இரண்டு வாக்கியமும் ஒரே பக்கத்தில் முட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும்.

அது எப்படி முடிகிறது? இதற்கு நியூயார்க்கின் தெருக்களுக்குப் போக வேண்டும்.

சிபிஜிபி இருந்தது பவரி தெரு 315ஆம் எண். அங்கிருந்து சில நிமிட நடையில் பாண்ட் தெரு. அங்கே 24ஆம் எண்ணில் ஸ்டூடியோ ரிவ்பீ. சாக்ஸஃபோன் கலைஞர் சாம் ரிவர்ஸும் அவர் மனைவி பீயாவும் நடத்திய இடம், பெயரே அவர்கள் இருவரின் பெயரிலிருந்து வந்தது. எழுபதுகளில் கறுப்பினக் கலைஞர்கள் ஜாஸ் கிளப்புகளின் முதலாளிகளை நம்பாமல், கைவிடப்பட்ட கிடங்குகளிலும் மாடிகளிலும் தாங்களே மேடை போட்டு வாசித்தார்கள். 'லாஃப்ட் ஜாஸ்' என்பார்கள். 1976 மே மாதம் ரிவ்பீயில் நடந்த கச்சேரிகள் 'வைல்ட்ஃபிளவர்ஸ்' என்று ஐந்து தட்டுகளாக வெளிவந்தன. கேட்டுப் பாருங்கள். சுருதியின் எல்லையை உடைப்பது, கருவியை அலற விடுவது, தாளத்தைச் சிதறடிப்பது எல்லாம் அங்கேயும் இருக்கிறது. ஜேம்ஸ் சான்ஸ் மில்வாக்கியிலிருந்து நியூயார்க் வந்ததே அந்த ஜாஸ் உலகத்துக்குள் நுழையத்தான். டேவிட் மரே என்ற கறுப்பினச் சாக்ஸஃபோன் கலைஞரிடம் கொஞ்ச நாள் பாடம் கேட்டார். அங்கே இடம் கிடைக்காத பிறகுதான் ராக் பக்கம் திரும்பினார்.

ஆக, ஒரே வட்டாரம், ஒரே வருடங்கள், இரண்டு இரைச்சல்கள். விமர்சனம் இரண்டையும் எப்படி வரவேற்றது?

1961 நவம்பரில் 'டவுன்பீட்' இதழில் ஜான் டைனன் என்ற விமர்சகர், ஜான் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசிப்பதை 'ஜாஸ் எதிர்ப்பு' என்றார். அடுத்த வருடம் ஏப்ரலில் அதே இதழ் இருவரையும் உட்காரவைத்து விமர்சகர்களுக்குப் பதில் சொல்ல வைத்தது. யோசித்துப் பாருங்கள். அதற்குள் உலகமே அண்ணாந்து பார்த்த கோல்ட்ரேன், தான் வாசிப்பது இசைதான் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்னெட் கோல்மனை ஏமாற்றுக்காரர் என்றே சொன்னார்கள். ஐலருக்கு வாசிக்கவே தெரியாது என்றார்கள். 1970 நவம்பரில் ஈஸ்ட் ரிவரில் அவர் உடல் மிதந்தபோது அவருக்கு 34 வயது.

கறுப்பினக் கலைஞர் சுருதியை உடைத்தால் அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று குற்றச்சாட்டு. பதினைந்து வருடம் கழித்து வெள்ளை இளைஞர் "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று தானே அறிவித்தால் அது கலைக்கொள்கை. இதைச் சொல்வதால் ஆர்ட்டோ லிண்ட்சேயின் கிட்டார் என் காதுக்குச் சின்னதாகிவிடவில்லை. ஆனால் தெரியாமையை ஒருவர் தைரியமாக அறிவிக்க வேண்டுமென்றால், தெரிந்தவர் என்ற நம்பிக்கை அவர் மீது முன்கூட்டியே இருக்க வேண்டும். கலைப்பள்ளி, கலைக்கூடம், பத்திரிகை நண்பர்கள் எல்லாம் அந்த நம்பிக்கையைக் கொடுத்தன. ஐலருக்கு அதை யார் கொடுத்தார்கள்?

அமிரி பராக்கா, அப்போது லெராய் ஜோன்ஸ், 1963இலேயே 'ஜாஸும் வெள்ளை விமர்சகரும்' என்ற கட்டுரையில் இந்த முடிச்சைப் பிடித்தார். இசையை உண்டாக்குபவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள், அதை எழுதுபவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். இசை பிறந்த வாழ்க்கையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் தராசில் போடுகிறார்கள் என்றார். டிராம்போன் கலைஞரும் ஆய்வாளருமான ஜார்ஜ் லூயிஸ் பின்னாளில் இதை இன்னும் விரிவாக எழுதினார். 'சோதனை இசை' என்ற பெயர்ப்பலகையே யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதை அவர் ஆதாரத்தோடு காட்டுகிறார். என் ஆய்வுக்கு அவருடைய எழுத்துதான் அடித்தளம், அதனால் இதற்கு மேல் பேசினால் வைவா ஆகிவிடும்.

இந்த இடத்தில் நம் ஊர் மேளங்களைக் கொண்டுவந்து நான் ஒப்பிடுவேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்துதான் வந்தேன். ஒப்பிடுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இன்னொரு மக்களின் கதையை நம் கதைக்கு உவமையாக மட்டும் பயன்படுத்துவதும் அவர்களைப் பாதியில் விட்டுவிடுவதுதான். அவர்கள் தெருவிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்போம்.

இப்போது லெஸ்டர் பேங்ஸ்.

பேங்ஸ் வெள்ளையர், குடிகாரர், அசாத்தியமான எழுத்தாளர். இரைச்சலுக்காக அவரைப் போல் வாதாடியவர் அமெரிக்காவில் இல்லை. 1975இல் லூ ரீட் வெறும் கிட்டார் எதிரொலியை இரண்டு தட்டு நிறைய அடைத்து 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்று வெளியிட்டபோது, எல்லோரும் திட்ட, பேங்ஸ் மட்டும் 'கிரீம்' இதழில் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். நோ வேவ் ஆட்களெல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள். ஒரே மதுக்கூடம், ஒரே பார்ட்டிகள்.

அந்த பேங்ஸ் 1979 ஏப்ரல் 30 அன்று 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் 'த வைட் நாய்ஸ் சுப்ரமசிஸ்ட்ஸ்' என்ற கட்டுரையை எழுதினார். தலைப்பே சிலேடை. வெள்ளை இரைச்சல் என்பது ஒலியியல் சொல். அதன் வாலில் வெள்ளை ஆதிக்கவாதிகளைக் கட்டிவிட்டார். 'நோ நியூயார்க்' வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்த இசை வட்டத்தில் அப்போது ஒரு நாகரிகம் இருந்தது. ஸ்வஸ்திகா அணிவது, கறுப்பர்களைக் குறிக்கும் இழிசொல்லைச் சாதாரணமாகப் புழங்குவது, கேட்டால் "அதிர்ச்சி கொடுக்கத்தான், அர்த்தம் ஒன்றுமில்லை" என்பது. பேங்ஸ் அதைப் பெயர் சொல்லி எழுதினார். ஜேம்ஸ் சான்ஸும் அதில் வருகிறார். சான்ஸ் ஒரு காலத்தில் கிட்டார் கலைஞர் ராபர்ட் குவைனிடம் வந்து சார்லி பார்க்கர் தட்டுகளைப் போட்டுக்காட்டச் சொல்லிக் கெஞ்சுவாராம். அதே சான்ஸ் இப்போது ஒரு பேட்டியில், கறுப்பர் இசையின் மகிமை என்பதெல்லாம் வெறும் பிதற்றல் என்று, அந்த இழிசொல்லையும் சேர்த்தே சொல்கிறார் என்று பேங்ஸ் எடுத்துக்காட்டுகிறார். நான்காவது பாடலைப் பாடிய அதே வாய்.

கட்டுரையில் ஐவன் ஜூலியனும் பேசுகிறார். ரிச்சர்ட் ஹெல்லின் வாய்டாய்ட்ஸ் குழுவில் குவைனோடு கிட்டார் வாசித்த கறுப்பினக் கலைஞர். அந்த மேடைகளில் இருந்த மிகச் சில கறுப்பர்களில் ஒருவர். அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் தனக்குள் என்ன கொலைவெறி எழுகிறது என்று சொல்கிறார். அதிர்ச்சி கொடுக்கத்தான் என்றார்களே, அந்த அதிர்ச்சி யார் உடம்பில் இறங்கியது என்பது அவர் பேசும்போதுதான் தெரிகிறது. அறையில் இருந்த மற்றவர்களுக்கு அது ஜோக்.

ஆனால் கட்டுரையின் கனமான பகுதி அதுவும் அல்ல. பேங்ஸ் தன்னையே கூண்டில் ஏற்றுகிறார். 'கிரீம்' நாட்களில் தானும் அப்படித்தான் எழுதினேன், பேசினேன் என்கிறார். கெட்ட சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் விஷம் இறங்கிவிடும் என்று லென்னி புரூஸ் பாணியில் தானும் நம்பியதாக ஒப்புக்கொள்கிறார். ஒரு பார்ட்டியில் அவர் சோல் இசை போடுகிறார். வந்திருந்தவர்கள், இந்தக் கறுப்பன் டிஸ்கோவை ஏன் போடுகிறாய் என்று அந்த இழிசொல்லோடு கேட்கிறார்கள். பேங்ஸ் கோபத்தில், அவர்கள் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லி, "அது இல்லை, இது ஓட்டிஸ் ரெடிங்!" என்று கத்துகிறார். பிறகு யோசிக்கிறார்: இவர்கள் இப்படி ஆனதில் என் பங்கும் இருக்கிறதோ? இந்தக் குழியை நானும் சேர்ந்துதான் வெட்டினேனோ?

அந்தக் காட்சியை நான் பல முறை வாசித்திருக்கிறேன். அவர் ஓட்டிஸ் ரெடிங்கைக் காப்பாற்றிய விதத்தைப் பாருங்கள். இவர் மேன்மையானவர், நீங்கள் சொல்லும் அந்த வகை அல்ல என்கிறார். அப்படியென்றால் அந்த வகையை அந்தச் சொல்லால் அழைக்கலாம் என்றாகிறது. நல்ல எண்ணத்தோடு ஒருவரை மட்டும் மேலே தூக்கும்போது மீதிப் பேரைக் கீழேயே விட்டுவிடுவது நமக்குத் தெரியாத வேலை இல்லை. சில வாரங்களில், 1979 ஜூலை 12 அன்று, சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துக் கூட்டம் கொண்டாடியது.

பேங்ஸுக்குப் பெரிய மாலை போட நான் வரவில்லை. ஒரு வெள்ளை விமர்சகர் சொன்ன பிறகுதான் பத்திரிகையில் அது செய்தியாகிறது. ஐவன் ஜூலியன் தானே அந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் அதே பக்கம் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் இரைச்சலை நேசித்த ஒருவர், அந்த நேசத்தைக் கைவிடாமலே இதை எழுதினார் என்பது எனக்கு முக்கியம். 1981இல் அதே இதழில், கொடூரமான இரைச்சல் தட்டுகளுக்கு ஒரு வழிகாட்டியை எழுதி நோ வேவ் இசையையும் அதில் ருசித்துப் பேசினார். அடுத்த வருடம் ஏப்ரல் 30 அன்று, அந்தக் கட்டுரை வந்து சரியாக மூன்று வருடம் ஆன நாளில், 33 வயதில் இறந்தார்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1987இல் பேங்ஸின் எழுத்துகள் தொகுப்பாக வந்தபோது இந்தக் கட்டுரையும் அதில் இடம்பெற்றது. புகழ்பெற்ற கட்டுரைதான், பல்கலைக்கழகங்களிலும் வாசிக்கிறார்கள். ஆனால் பங்க்கும் இனவெறியும் என்ற தலைப்பின் கீழ். 'நோ நியூயார்க்' பற்றிய புகழ்மாலை வேறு அலமாரியில் தனியாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. சான்ஸ் மேடையிலிருந்து குதித்துப் பார்வையாளர்களை அடித்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸில் 'வில்லேஜ் வாய்ஸ்' விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவோடு அவர் கட்டிப்புரண்ட கதையை நானும் என் கட்டுரையில் ரசித்து எழுதியிருந்தேன். கலகத்தின் அடையாளமாம். குவைன் வீட்டு சார்லி பார்க்கர் தட்டுகளின் கதை மட்டும் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

வேறு சிலரும் அந்தப் பக்கம் வரவில்லை. மார்ஸ் பாடல்களில் ஒன்றின் தலைப்பு 'போர்ட்டோ ரிக்கன் கோஸ்ட்'. போர்ட்டோ ரிக்கோக்காரரின் ஆவி. நோ வேவ் பிறந்த வட்டாரத்தின் கிழக்குப் பகுதியில் அப்போது பெருமளவில் வாழ்ந்தவர்கள் போர்ட்டோ ரிக்கோ மக்கள். லோயிசைடா என்று தங்கள் நாக்குக்கு ஏற்ற பெயரை அதற்கு வைத்தவர்கள். அவர்களுடைய நியூயோரிக்கன் கவிஞர்கள் கஃபே அப்போதே அங்கே இயங்கிக்கொண்டிருந்தது. விமர்சனங்களில் அந்த இடம் 'இடிபாடு', 'பாழ்நிலம்'. ஆட்கள் குடியிருந்த தெருவைப் பாழ்நிலம் என்று எழுதினால் அங்கே இருப்பவர்கள் ஆவிகளாகத்தான் தெரிவார்கள்.

1979இல் ஒரு பதினெட்டு வயதுப் பையன் நண்பர்களோடு ஓர் இரைச்சல் குழு தொடங்கினான். கிட்டார் தந்தியை அரத்தால் உரசி வாசித்தான். ஹைட்டித் தந்தை, போர்ட்டோ ரிக்கோ வம்சத் தாய். குழுவின் பெயர் கிரே, பையன் ஜான் மிஷேல் பாஸ்கியா. சிபிஜிபியில் வாசித்தார்கள், மட் கிளப்பில் வாசித்தார்கள். அந்தக் குழுவின் பெயரில் முதல் ஆல்பம் வந்தது 2010இல். அதற்குள் பாஸ்கியா இறந்து 22 வருடம். சவுத் பிராங்ஸின் ஸ்க்ரோகின்ஸ் சகோதரிகள் நடத்திய இஎஸ்ஜி குழுவின் தட்டு 1981இல் 99 ரெக்கார்ட்ஸில் வந்தது, கிளென் பிராங்காவின் தட்டு வந்த அதே நிறுவனம். எலும்பு மட்டும் மிஞ்சிய தாளம். அவர்களுடைய 'யூஎஃப்ஓ' பாடலின் துண்டுகளை ஹிப் ஹாப் உலகமே வெட்டி எடுத்துக்கொண்டது. பெயர் போட்டால் மட்டும் வீட்டு பில் கட்ட முடியாது என்ற பொருளில் 1992இல் ஒரு தட்டுக்கே தலைப்பு வைத்தார்கள்.

இக்குவே மோரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் தாளத்தை விவரிக்க விமர்சகர்களுக்கு அடிக்கடி கிடைத்த சொல் 'ஆதிவாசித்தனமானது'. டோக்கியோவிலிருந்து வந்த பெண் யோசித்துத்தான் அடிக்கிறார் என்று எடுத்துக்கொள்ள நிறைய காலம் பிடித்தது. 2022இல் மெக்ஆர்தர் விருது கொடுத்தார்கள்.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்வி. "அப்படியென்றால் இந்தத் தட்டைக் கேட்கலாமா, கூடாதா?" ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். நான் கேட்கிறேன். போன வாரமும் கேட்டேன். 2024 ஜூனில் ஜேம்ஸ் சான்ஸ் இறந்த செய்தி வந்த இரவில் முதல் நான்கு பாடலையும் கேட்டேன், வருத்தமாகவும் இருந்தது. அவர் சாக்ஸஃபோன் அலறும்போது அதில் ஐலர் கேட்கிறது. ஐலரை உள்ளே வாங்கிக்கொண்டு, ஐலரின் மக்களை இழித்துப் பேசிய அதே காலத்தில் தன் குழுவுக்கு 'த பிளாக்ஸ்' என்றும் தட்டுக்கு 'ஆஃப் வைட்' என்றும் பெயர் வைத்த மனிதர். அந்தக் குழுக்களில் பின்பு ஜோசப் போவி போன்ற கறுப்பினக் கலைஞர்களும் அவரோடு வாசித்தார்கள். அவரைத் தராசில் வைத்து எடை போட்டு முடிக்க எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது என் வேலை. விமர்சனம் எழுதும்போது 'முன்னோர் இல்லை' என்று ஒரு வாக்கியம் கைக்கு வந்தால், பாடல் பட்டியலை இன்னொரு முறை வாசிக்கிறேன். அவ்வளவு சின்ன விஷயம்தான். அதைச் செய்யாததால்தான் அந்தக் கட்டுரை அப்படி வந்தது. அந்தச் சிற்றிதழ் நின்றுபோனது, அதனால் திருத்தம் வெளியிட இடமில்லை. இந்தப் பேச்சையே திருத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட அந்தத் தங்கை இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். இன்று வருவதாகச் சொல்லியிருந்தாள், ரயில் தாமதமாம்.

ஸ்பீக்கர் கொண்டுவந்திருக்கிறேன், இந்த முறை கடன் வாங்கியது இல்லை. முதலில் 1967ஆம் வருடத்து ஜேம்ஸ் பிரவுன். அதை அடுத்து காண்டார்ஷன்ஸ். நடுவில் நான் எதுவும் பேசமாட்டேன். சத்தம் அதிகமாக இருக்கும், பின்வரிசைத் தோழர்கள் கதவைச் சாத்திவிடுங்கள்.